கேஸ் ஃபுல்லா இருக்கு... ஹீட்டர் ஏன் நின்னுச்சு? உறைபனியில் டிராவல் டிரெய்லரைக் காப்பாற்றும் கணக்கு

அக்டோபர் இரண்டாவது வாரம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள அல்கான்குயின் பூங்கா. தேங்க்ஸ்கிவிங் லாங் வீக்கெண்டுக்கு ஒரு குட்டி டிராவல் டிரெய்லரைக் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் இதமான வெயில். ராத்திரி மைனஸ் 5 டிகிரி.

அதிகாலை 4 மணி. மூக்கு நுனி ஜில்லிட்டுப்போய் விழிப்பு வருகிறது. ஹீட்டரில் இருந்து காற்று வருது, ஆனா சூடே இல்லை. ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய் கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்கிறீர்கள். நல்ல கனம். கேஸ் இருக்கு. அப்புறம் ஏன் பற்றவில்லை?

பதில் சிம்பிள். கேஸ் தீரல, பேட்டரி தீர்ந்துடுச்சு.

குளிர்காலத்தில் டிரெய்லரோடு கிளம்புகிற பலரும் சிலிண்டரைத்தான் இரண்டு முறை செக் பண்ணுவார்கள். பேட்டரியை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் கேஸ், தண்ணீர், தூக்கம் எல்லாமே அந்த ஒரு 12 வோல்ட் பேட்டரியை நம்பித்தான் ஓடுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

*முதலில், டிராவல் டிரெய்லர்னா என்ன?*

ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர்களுக்கு நிற்குமே கேரவன், அதை நாலில் ஒரு பங்காகச் சுருக்கிக்கொள்ளுங்கள். சொந்தமாக இன்ஜின் கிடையாது, கார்தான் இழுத்துப்போக வேண்டும். 16, 17 அடி நீளத்துக்குள் ஒரு கட்டில், சின்ன கிச்சன், குட்டி பாத்ரூம், தண்ணீர்த் தொட்டி, வாட்டர் ஹீட்டர், அறையைச் சூடாக்கும் ஃபர்னஸ் எல்லாம் இருக்கும். கனடா, அமெரிக்காவில் வேலைக்குப் போய் செட்டில் ஆன நம்மவர்களும் வாடகைக்கு எடுத்தோ, செகண்ட் ஹேண்டில் வாங்கியோ கிளம்புகிற வண்டி இது.

பெரும்பாலான சிறிய டிரெய்லர்கள் வசந்தம், கோடை, இலையுதிர் காலம் என மூன்று பருவங்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. சுவர் மெல்லிசு. தண்ணீர்க் குழாய்கள் சில இடங்களில் தரைக்கு அடியில் வெளிக்காற்றிலேயே போகும். உறைபனிக்கு இது தானாகத் தாங்காது. நாம்தான் தாங்க வைக்க வேண்டும்.

*கேஸில் ஓடுற ஹீட்டருக்கு பேட்டரி எதுக்கு?*

ஃபர்னஸ் எரிப்பது புரோப்பேன் வாயுவை. ஆனால் அந்தச் சூட்டை அறைக்குள் தள்ளுவது ஒரு மின்விசிறி. தீப்பொறி கொடுப்பது, கேஸ் வால்வைத் திறப்பது, எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்ப்பது ஒரு சின்ன சர்க்யூட் போர்டு. இவை எல்லாம் ஓடுவது பேட்டரியில்.

இதில் இன்னொரு விஷயம். விசிறி போதுமான வேகத்தில் சுற்றுகிறதா என்று கவனிக்க உள்ளே 'செயில் சுவிட்ச்' என்ற மெல்லிய தகடு ஒன்று இருக்கும். காற்று வேகமாக அடித்தால்தான் அது நகர்ந்து, "சரி, கேஸைத் திற" என்று சிக்னல் கொடுக்கும். பேட்டரி பலவீனமானால் விசிறி மெதுவாகச் சுற்றும், தகடு நகராது, கேஸ் திறக்காது. அதனால்தான் காற்று மட்டும் வருகிறது, சூடு வருவதில்லை. பழுது என்று நினைத்து ஃபர்னஸைக் கழற்றிவிடாதீங்க. சூடு வெளியேற வழியில்லாமல் கேஸ் எரிந்துகொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது.

*ஒரு ராத்திரிக்கு எவ்வளவு செலவாகும்?*

கணக்குப் போட்டுப் பார்த்துடலாம். மணிக்கு 20,000 பி.டி.யு திறனுள்ள சிறிய ஃபர்னஸ் என்று வைத்துக்கொள்வோம். மாலை 6 மணியிலிருந்து காலை 8 மணி வரை 14 மணி நேரம். அதில் பாதி நேரம் அது ஓடுகிறது, அதாவது 7 மணி நேரம்.

கேஸ் கணக்கு: இந்த ஃபர்னஸ் தொடர்ந்து எரிந்தால் மணிக்குச் சுமார் 0.4 கிலோ புரோப்பேன் குடிக்கும். 7 மணி நேரத்துக்குச் சுமார் 3 கிலோ. டிரெய்லர்களில் வழக்கமாக இருக்கும் சிலிண்டர் 20 பவுண்டு, அதாவது 9 கிலோ. ஆக, மூன்று இரவு தாங்கும்.

பேட்டரி கணக்கு: விசிறிக்குச் சுமார் 3.5 ஆம்பியர். 7 மணி நேரத்துக்கு 25 ஆம்பியர்-ஹவர். கேஸ் கசிவு அலாரம், ஃபிரிட்ஜின் கன்ட்ரோல் போர்டு போன்றவை சத்தமே இல்லாமல் இழுப்பது 7 அல்லது 8. லைட், தண்ணீர் பம்ப், போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து இன்னொரு 7 அல்லது 8. மொத்தம் 40 ஆம்பியர்-ஹவர்.

"என்கிட்ட 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இருக்கே, ரெண்டு நாளுக்கு மேல வருமே?" என்று கேட்கலாம். வராது. அது லெட்-ஆசிட் பேட்டரி என்றால் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். அதனால் பயன்படுத்தக்கூடியது 50. அடுத்து குளிர் தன் பங்கைக் கேட்கும். உறைநிலைக்குப் பக்கத்தில் பேட்டரியின் கொள்ளளவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு காணாமல்போகும். மிச்சம் 40.

தேவை 40, இருப்பு 40. கேஸ் மூன்று இரவு தாங்கும், பேட்டரி ஒரே இரவு. அதுவும் பேட்டரி புதுசாக, முழுசாக சார்ஜ் ஆகியிருந்தால் மட்டும். கொஞ்சம் பழைய பேட்டரி என்றால் 4 மணிக்கே கதை முடிஞ்சுது.

*அப்போ லித்தியம் வாங்கிட்டா பிரச்சினை தீர்ந்ததா?*

பாதி தீரும். டிரெய்லர்களில் போடுவது பெரும்பாலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. 100 ஆம்பியர்-ஹவர் என்றால் 80, 90 வரை தைரியமாக எடுக்கலாம். எடையும் பாதிக்கும் குறைவு. மைனஸ் 20 டிகிரி வரை மின்சாரம் கொடுக்கும்.

ஆனால் ஒரு கண்டிஷன் உண்டு. பேட்டரியின் உள்வெப்பம் 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது. ஏற்றினால் லித்தியம் உலோகமாகவே உள்ளே படிந்து, பேட்டரி நிரந்தரமாகப் பாழாகும். நல்ல பேட்டரிகளில் இதைத் தடுக்க ஒரு கட்-ஆஃப் இருக்கும். தன்னைத்தானே சூடேற்றிக்கொள்ளும் மாடல்களும் உண்டு. வாங்கும்போது இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்க. முடிந்தால் பேட்டரியை வெளியே உள்ள பெட்டியில் வைக்காமல், டிரெய்லருக்குள் கட்டிலுக்கு அடியில் வையுங்க. நீங்க தூங்குற சூட்டிலேயே அதுவும் இருக்கும்.

லெட்-ஆசிட்டுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. முழு சார்ஜில் இருந்தால் மைனஸ் 50 டிகிரியிலும் அது உறையாது. முழுசாகத் தீர்ந்திருந்தால் மைனஸ் 10 டிகிரியை ஒட்டியே உறைந்து, பெட்டி விரிசல் விடும். காலி பேட்டரியைக் குளிரில் விட்டுப்போவது, புது பேட்டரிக்குக் காசு எடுத்து வைப்பதற்குச் சமம்.

*திரும்ப சார்ஜ் ஏற்ற என்ன வழி?*

கரண்ட் உள்ள கேம்ப் சைட்: இதுதான் முதல் சாய்ஸ். 30 ஆம்பியர், 120 வோல்ட் இணைப்பு என்றால் 3,600 வாட் கிடைக்கும். பேட்டரி தானாக சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்கும். குளிர்காலத்தில் முதல் முறை போகிறவர்கள் வேறு எதையும் யோசிக்காமல் இப்படிப்பட்ட இடத்தையே புக் பண்ணலாம். அல்கான்குயினில் மியூ லேக் கேம்ப்கிரவுண்டு குளிர்காலத்திலும் திறந்திருக்கும், அங்கே கரண்ட் உள்ள இடங்களும் உண்டு.

சோலார்: கோடையில் ராஜா, டிசம்பரில் ஏழை. தெற்கு ஒன்டாரியோவில் டிசம்பர் கடைசியில் பகல் வெறும் 9 மணி நேரம். சூரியன் தாழ்வாகவே போய் மறையும். கூரையில் படுக்கையாக இருக்கும் 100 வாட் பேனலில் இருந்து ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-ஹவர் கிடைத்தாலே பெரிது. மேலே பனி விழுந்திருந்தால் அதுவும் இல்லை. மரங்களுக்கு நடுவே நிறுத்தினால் கேட்கவே வேண்டாம். சோலாரை மட்டும் நம்பி குளிர்காலத்தில் கிளம்பாதீங்க.

ஜெனரேட்டர்: 2,000 வாட் ரகமே போதும். ஆனால் பல கேம்ப்கிரவுண்டுகளில் குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமே ஓட்ட அனுமதி. ராத்திரிக்கு முன்பே சார்ஜ் ஏற்றி முடித்துவிட வேண்டும்.

கார்: இழுத்துவரும் காரில் இருந்தும் சார்ஜ் ஏறும். ஆனால் நீளமான மெல்லிய ஒயர் வழியாக வருவதால் மிக மெதுவாகத்தான் ஏறும். போகிற வழியில் கிடைக்கும் போனஸ், அவ்வளவுதான்.

*பேட்டரியிலேயே எலெக்ட்ரிக் ஹீட்டர் போட்டால்?*

வேண்டவே வேண்டாம். கடையில் கிடைக்கும் சாதாரண 1,500 வாட் ஹீட்டரை இன்வெர்ட்டர் வழியாக 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால் 125 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

கரண்ட் உள்ள இடத்தில் அந்த ஹீட்டரைப் போடலாம், கேஸும் மிச்சமாகும். ஆனால் அதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. 1,500 வாட் என்பது மணிக்குச் சுமார் 5,000 பி.டி.யு, ஃபர்னஸ் தருவதில் நாலில் ஒரு பங்கு. அது உங்கள் கட்டிலைச் சுற்றிச் சூடாக்கும். உடனே தெர்மோஸ்டாட், "அறை சூடாத்தானே இருக்கு" என்று ஃபர்னஸை நிறுத்தி வைக்கும். பல டிரெய்லர்களில் ஃபர்னஸின் சூடான காற்றுதான் தரைக்கு அடியில் உள்ள தண்ணீர்க் குழாய்களையும் உறையாமல் காக்கிறது. மேலே நீங்க கதகதப்பாகத் தூங்க, கீழே குழாய் உறைந்துகொண்டிருக்கும். எலெக்ட்ரிக் ஹீட்டர் போட்டாலும் ஃபர்னஸ் இடையிடையே ஓடும்படி தெர்மோஸ்டாட்டை செட் பண்ணுங்க.

*குளிரில் கேஸ் உறைஞ்சிடாதா?*

நம்ம வீட்டுச் சமையல் சிலிண்டரில் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கும். பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டியே ஆவியாக மறுத்துவிடும். அங்கே டிரெய்லரில் வருவது புரோப்பேன். அதன் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி. அதனால் சாதாரண குளிரில் கவலை இல்லை. கடுங்குளிரில், அதுவும் சிலிண்டர் கிட்டத்தட்ட காலியாக இருக்கும்போது, அழுத்தம் குறையும். இரண்டு சிலிண்டர் இருந்தால் நிம்மதி.

*உயிருக்கே ஆபத்தான தவறு எது?*

ஹீட்டர் நின்றதும் பலருக்கும் தோன்றும் முதல் ஐடியா, "ஸ்டவ்வைப் பத்த வெச்சுடலாம்" என்பது. இதைச் செய்யவே கூடாது. ஃபர்னஸ் தன் புகையைக் குழாய் வழியாக வெளியே அனுப்பிவிடும். ஸ்டவ் அப்படி இல்லை, எல்லாம் அறைக்குள்ளேயே. மூடிய குட்டி அறையில் ஆக்சிஜன் குறையக் குறைய கார்பன் மோனாக்சைடு உருவாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று சாதாரண காய்ச்சல் மாதிரிதான் தொடங்கும். தூக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது.

மூன்று விஷயங்களில் சமரசம் வேண்டாம். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா, காலாவதி ஆகவில்லையா என்று கிளம்பும் முன் பாருங்க. ஜெனரேட்டரை டிரெய்லரில் இருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகை உங்கள் பக்கம் வராதபடி வையுங்க. பனி கொட்டிய பிறகு ஃபர்னஸின் புகைபோக்கி வாய் மூடியிருக்கிறதா என்று பார்த்து பனியை அள்ளிவிடுங்க. அலாரம் அடித்தால் காரணம் தேடாதீங்க. எல்லாரையும் எழுப்பிக்கொண்டு வெளியே வந்துவிட்டு 911-ஐ அழையுங்க.

கூடவே, எவ்வளவு குளிராக இருந்தாலும் கூரை ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்தே வையுங்க. மூச்சுக்காற்றின் ஈரம் ஜன்னலில் வழியும், மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உருவாகிறது. ஸ்டவ்வில் சமைத்தால் அந்த ஈரமும் உங்களோடுதான் தங்கும்.

*சரி, தண்ணீர் என்ன ஆகும்?*

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். குழாய்க்குள் இடம் இல்லையென்றால் ஏதாவது ஒன்று வெடிக்கும். புது டிரெய்லர்களில் உள்ள பிளாஸ்டிக் குழாய்கள் ஓரளவு வளைந்து கொடுக்கும். ஆனால் இணைப்புகள், டேப், பம்ப், டாய்லெட் வால்வு, வாட்டர் ஹீட்டர் தொட்டி எதுவும் வளையாது.

இதில் கொடுமை என்னவென்றால், வெடித்தது உடனே தெரியாது. பனியாக இருக்கும் வரை கசியாது. ஏப்ரலில் தொட்டியை நிரப்பி பம்பைப் போடும்போதுதான், அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பது தெரியும். தண்ணீர் சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் இறங்கிப் பலகை ஊறத் தொடங்கியிருக்கும். ஒரு மதிய நேர வேலையைச் சோம்பேறித்தனமாக விட்டதற்கு விலை, டிரெய்லரின் தரை.

*குளிர்காலத்துக்கு மூடி வைப்பது எப்படி?*

சீசனின் கடைசி டிரிப் முடிந்ததும், முதல் உறைபனி இரவுக்கு முன்பாகச் செய்ய வேண்டியவை:

1. வாட்டர் ஹீட்டரின் கேஸ், கரண்ட் இரண்டையும் ஆஃப் பண்ணுங்க. தண்ணீர் இல்லாமல் கரண்ட் ஆனில் இருந்தால் உள்ளே உள்ள காயில் கருகிப்போகும்.

2. தண்ணீர் நன்றாக ஆறட்டும். ஒரு சுடுதண்ணீர் டேப்பைத் திறந்து அழுத்தத்தை விடுங்க. அதன் பிறகே ஹீட்டரின் அடைப்பைக் கழற்றுங்க. சூடாக இருக்கும்போது கழற்றினால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

3. நல்ல தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டிகள், குழாயின் தாழ்வான இடத்தில் உள்ள வடிகால் எல்லாவற்றையும் காலி செய்யுங்க. வாட்டர் ஃபில்டர் இருந்தால் கழற்றுங்க.

4. ஹீட்டருக்கான பைபாஸ் வால்வைத் திருப்புங்க. இதை மறந்தால் ஆன்டிஃப்ரீஸ் முழுக்க ஹீட்டர் தொட்டிக்குள்ளேயே போய்விடும்.

5. பம்பின் உறிஞ்சு குழாயை ஆன்டிஃப்ரீஸ் கேனில் விட்டு பம்பை ஓட்டுங்க. ஒவ்வொரு டேப்பிலும் சூடு, குளிர் என்று தனித்தனியாக, பிங்க் நிறம் வரும் வரை திறந்து மூடுங்க. ஷவர், டாய்லெட், வெளியே உள்ள ஷவர் எதையும் விடாதீங்க. அதிகம் மறந்துபோவது அந்த வெளி ஷவர்தான். சிறிய டிரெய்லருக்கு 8 முதல் 11 லிட்டர் போதும்.

6. சிங்க், ஷவர் வடிகால்களில் தலா ஒரு டம்ளர் ஊற்றுங்க. அடியில் வளைந்திருக்கும் குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கும்.

7. பேட்டரியை முழுசாக சார்ஜ் பண்ணிக் கழற்றி, வீட்டுக்குள் வையுங்க.

8. சாப்பாட்டுத் துணுக்குகூட உள்ளே இருக்கக் கூடாது. அடியில் ஓட்டை இருந்தால் அடையுங்க. குளிருக்கு இடம் தேடும் எலிக்கு உங்கள் டிரெய்லர் ஒரு ஸ்டார் ஹோட்டல்.

வாங்கும்போது கவனம்: டிரெய்லர் குழாய்களுக்கானது பிங்க் நிற புரோப்பிலீன் கிளைக்கால். கார் ரேடியேட்டருக்கான எத்திலீன் கிளைக்கால் விஷம். நிறத்தை மட்டும் நம்பாமல், லேபிளில் குடிநீர்க் குழாய்க்கு ஏற்றது என்று இருக்கிறதா என்று படித்துப் பாருங்க.

*மூடி வைத்த பிறகும் டிரிப் போகலாமா?*

தாராளமாக. குழாயில் ஆன்டிஃப்ரீஸ் அப்படியே இருக்கட்டும். குடிக்க, சமைக்க கேனில் தண்ணீர் எடுத்துக்கோங்க. குளியலுக்குக் கேம்ப்கிரவுண்டின் பொதுக் கழிப்பறைக் கட்டடம். தண்ணீர் உறையுமோ என்ற பயம் இல்லாததால் தெர்மோஸ்டாட்டை 12, 13 டிகிரிக்குக் குறைத்துவிட்டு, நல்ல ஸ்லீப்பிங் பேக்கில் தூங்கலாம். ஜன்னல்களுக்கு அலுமினிய ஃபாயில் ஒட்டிய குமிழ் ஷீட்டை வெட்டிச் செருகினால் ஃபர்னஸ் ஓடும் நேரம் இன்னும் குறையும். ஃபர்னஸ் 7 மணி நேரத்துக்குப் பதில் 4 மணி நேரம் ஓடினால், விசிறிக்கு மட்டும் 10 ஆம்பியர்-ஹவர் மிச்சம்.

புது பேட்டரி வாங்கும் முன் இந்த 10-ஐ மிச்சம் பிடியுங்க. பைசா செலவில்லாமல் கிடைக்கும் கூடுதல் பேட்டரி அது.

*கிளம்பும் முன் ஒரே ஒரு டெஸ்ட்*

டிரிப்புக்கு ஒரு வாரம் முன்பு, வீட்டு வாசலில் நிற்கும் டிரெய்லரில் ஒரு குளிர் ராத்திரி தூங்கிப் பாருங்க. கரண்ட் இணைப்பு வேண்டாம், பேட்டரி மட்டும். படுக்கும் முன்பும், எழுந்ததும் வோல்டேஜைக் குறித்துக்கோங்க. லெட்-ஆசிட் பேட்டரி முழு சார்ஜில் சுமார் 12.7 வோல்ட், பாதியில் சுமார் 12.1 வோல்ட் காட்டும். காலையில் ஃபர்னஸை நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டு அளந்த பிறகும் 12.1-க்குக் கீழே இருந்தால், உங்கள் பேட்டரிக்கு ஒரு இரவைத் தாங்கும் தெம்பு இல்லை.

அதிகாலை 4 மணிக்கு ஹீட்டர் நிற்கத்தான் போகிறது என்றால், அது வீட்டு வாசலில் நிற்கட்டும். கதவைத் திறந்தால் சொந்த வீடு. காட்டுக்குள் அந்த வசதி கிடையாது.